92 கெல்வினுக்கு மேலே: ஒய்பிசிஓ மீகடத்தியின் 'சாதாரண' நிலையை அளந்து படிப்பது எப்படி?

இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு, சுருக்கமாக ஒய்பிசிஓ. குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீகடத்தி. அதைச் சுட்டெடுத்து, திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, 92 கெல்வின் பக்கம் மின்தடை பொத்தென்று விழுவதைக் காட்டுவதோடு எம்.எஸ்சி. புராஜெக்ட்டுகள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. சரிவுக்கு வலப்பக்கம் 300 கெல்வின் வரை நீளும் கோட்டை 'சாதாரண உலோகம் போல' என்று ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். 1986-இல் பெட்நோர்ஸும் முல்லரும் லாந்தனம் பேரியம் காப்பர் ஆக்சைடில் மீகடத்தலைக் கண்ட நாளிலிருந்து தீராத வழக்கு அந்த வலப்பக்கத்தில்தான் கிடக்கிறது. மீகடத்து நிலையில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்வதும், அந்த ஜோடி டி-அலை வகை (திசைக்குத் திசை வலு மாறும் வகை) என்பதும் 1990-களிலேயே ஏறக்குறைய முடிவாகிவிட்டன. ஜோடி சேர்வதற்கு முன் அவை எப்படி இருந்தன என்பதில்தான் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

நெல்லை வட்டாரத்தில், பாளையங்கோட்டையிலோ அபிஷேகப்பட்டியிலோ தென்காசிப் பக்கமோ இருக்கும் ஒரு நடுத்தர ஆய்வகத்தை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. 1000 டிகிரி போகும் குழாய் உலை, 0.1 மில்லிகிராம் தராசு, ஆறரை இலக்க மல்டிமீட்டர், நிலையான மின்னோட்ட மூலம், ஒரு பிடி-100 பிளாட்டினம் உணரி, ஆக்சிஜன் சிலிண்டர், ஒரு கேன் திரவ நைட்ரஜன் இருந்தால் போதும்.

முதலில், எதைத் தேடுகிறோம்?

இந்தச் சேர்மத்தில் மின்சாரம் ஓடுவது செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்த தளங்களில். தளத்தின் ஒவ்வொரு செம்பு அயனியிலும் டி-ஆர்பிட்டாலில் ஒன்பது எலக்ட்ரான்கள். கடைசி ஆர்பிட்டால் பாதி நிரம்பியது. பாடப்புத்தகத்து ஆற்றல்-பட்டைக் கொள்கைப்படி பாதி நிரம்பிய ஆற்றல்-பட்டை என்றால் உலோகம். ஆனால் மூன்று செம்புக்கு ஆக்சிஜன் 6 என்ற கணக்கில் இருக்கும் ஒய்பிசிஓ மின்கடத்தாப் பொருள், அதுவும் எதிர்ஃபெரோ காந்தம் (அடுத்தடுத்த செம்புகளின் காந்தத் திசை எதிரெதிராக இருப்பது). பல்லாங்குழியில் குழிக்கு ஒரு சோழி, ஒரே குழியில் இரண்டு சேரக் கூடாது என்று விதி வைத்தால் எந்தச் சோழியும் நகர முடியாது. ஒன்றை வெளியே எடுத்தால்தான் பக்கத்துச் சோழிக்கு வழி பிறக்கும். எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கு அப்படியொரு விதி. சோழியை எடுக்கும் வேலையை இங்கே செய்வது ஆக்சிஜன். தளங்களுக்கு இடையே உள்ள செம்பு-ஆக்சிஜன் சங்கிலிகளில் ஆக்சிஜன் ஏற ஏற, தளத்திலிருந்து எலக்ட்ரான் உருவப்பட்டு மின்துளைகள் உண்டாகின்றன.

ஒரு செம்புக்கு ஏறக்குறைய 0.05 துளை வந்ததும் மீகடத்தல் தலைகாட்டும், 0.16-இல் உச்சம். உச்சத்துக்கு இடப்பக்கம், அதாவது துளை குறைந்த மாதிரிகளில், மாறுநிலை வெப்பநிலைக்கு (மீகடத்தல் தொடங்கும் வெப்பநிலைக்கு) வெகு மேலேயே ஒரு மாற்றம் நடக்கிறது. அந்த வெப்பநிலையை டி-ஸ்டார் என்பார்கள். அதற்குக் கீழே எலக்ட்ரான் நிலைகளில் ஒரு பகுதி காணாமல் போகிறது. இதற்குப் பெயர் போலி இடைவெளி. 1989-இல் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில் இதன் தடம் தெரிந்தது. 1996-இல் பிஸ்மத் கியூப்ரேட்டில் (இதே போன்ற செம்பு-ஆக்சிஜன் தளங்கள் கொண்ட சேர்மங்கள்தான் கியூப்ரேட்டுகள்) கோணம் பிரித்த ஒளி உமிழ்வு அளவீடு அதன் வடிவத்தையே காட்டியது: செம்பு-ஆக்சிஜன் பிணைப்பின் திசையில் இடைவெளி திறந்துவிட்டது, மூலைவிட்டத் திசையில் திறக்கவில்லை. மூடிய வளையமாக இருக்க வேண்டிய ஃபெர்மி பரப்பு (நிரம்பிய எலக்ட்ரான் நிலைகளுக்கும் காலியானவற்றுக்கும் நடுவே உள்ள எல்லை) துண்டு துண்டான விற்களாகத் தெரிகிறது. சாதாரண உலோகத்தில் ஃபெர்மி பரப்பு நடுவழியில் அறுந்து நிற்காது. வம்பு இங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் கருவி நம் ஊர்க் கல்லூரியில் கிடைக்காது. ஆனால் டி-ஸ்டார் மின்தடையிலும் தடம் விடும், அதைப் பிடிக்கலாம்.

படி 1: தூள்

0.01 மோல் ஒய்பிசிஓவுக்கு:

- இட்ரியம் ஆக்சைடு 1.129 கிராம்
- பேரியம் கார்பனேட் 3.947 கிராம்
- காப்பர் ஆக்சைடு, கறுப்பு, 2.386 கிராம்

மூன்றும் 99.9 சதவீதத் தூய்மையாவது இருக்கட்டும். இட்ரியம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் பிடித்துக்கொள்ளும். 900 டிகிரியில் சில மணி நேரம் சுட்டு, டெசிகேட்டரில் ஆறவைத்து, உடனே நிறுங்கள். பேரியம் கார்பனேட்டை 200 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இதைத் தவிர்த்தால் இட்ரியம் குறைந்த கலவைதான் கையில் மிஞ்சும். பேரியம் கார்பனேட் நஞ்சு. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள்.

அகேட் கல்வத்தில் அசிட்டோன் சில சொட்டு விட்டு 45 நிமிடம் அரையுங்கள். நிறம் எங்கும் ஒரே சாம்பலாக வர வேண்டும். அலுமினா படகில் 900 முதல் 920 டிகிரிக்குள் 12 மணி நேரம் சுட்டு, ஆறியதும் அரைத்து, மீண்டும் சுடுங்கள். குறைந்தது மூன்று சுற்று.

எத்தனை சுற்று போதும் என்று தராசையே கேளுங்கள். தொடக்க எடை 7.462 கிராம். கார்பன் டை ஆக்சைடு முழுக்க வெளியேறினால் 0.880 கிராம் குறைந்து 6.582 ஆகும். பிறகு ஆறும்போது ஆக்சிஜன் ஏறினால் 6.65 வரை போகலாம். கல்வத்தில் ஒட்டிய இழப்பைக் கழித்த பிறகும் 6.67-க்கு மேல் நின்றால் கார்பனேட் மிச்சம் இருக்கிறது. அது துகள் எல்லைகளில் போய் உட்கார்ந்துகொண்டு பின்னால் மின்தடையைக் கெடுக்கும். கல்வத்தில் பச்சைத் திட்டு தெரிந்தால் இட்ரியம் மிகுந்த வேறொரு கட்டம் உருவாகியிருக்கிறது; நிறுத்தலில் பிழை, அல்லது வெப்பம் அதிகம். அவசரத்துக்கு 980, 1000 என்று ஏற்றினால் பகுதி உருகி அலுமினாவோடு ஒட்டிக்கொள்ளும்.

படி 2: வில்லை, பட்டை, ஆக்சிஜன்

13 மில்லிமீட்டர் அச்சில் 1.5 கிராம் தூள், 4 டன் அழுத்தம், இரண்டு நிமிடம். அச்சை மெதுவாகத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் வில்லை அடுக்கடுக்காகப் பிளக்கும். வில்லைக்கு அடியில் அதே தூளை மெல்லியதாகத் தூவி, 930 டிகிரியில் 24 மணி நேரம் சுடுங்கள். அடர்த்தி, கோட்பாட்டு அளவான ஒரு கனசென்டிமீட்டருக்கு 6.4 கிராம் என்பதில் 85 முதல் 90 சதவீதம் இருந்தால் நல்லது. இன்னும் கெட்டியாக்க ஆசைப்படாதீர்கள். நுண்துளை இல்லாத வில்லையின் உள்ளே ஆக்சிஜன் போகாது.

வைரச் சக்கரத்தால், தண்ணீர் விடாமல், 10 × 2 × 1.5 மில்லிமீட்டர் பட்டைகள் மூன்று வெட்டுங்கள். மூன்றும் ஒரே வில்லையிலிருந்து வருவது முக்கியம். துகள் எல்லை, நுண்துளை போன்ற கோளாறுகள் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும்; ஆக்சிஜன் மட்டும் மாறும். தண்ணீர் பட்டால் ஒய்பிசிஓ சிதைந்து, பேரியம் ஹைட்ராக்சைடும் பின்பு கார்பனேட்டும் மேலே வெள்ளையாகப் பூக்கும்.

மின்முனைக்கான நான்கு வெள்ளிப் பசைக் கோடுகளை இப்போதே பட்டையில் இட்டுவிடுங்கள். அடுத்து வரும் ஆக்சிஜன் சூட்டில் வெள்ளி படிந்து, தொடுதடை ஓர் ஓமுக்குக் கீழே இறங்கும். கடைசியில் இட்டால் தொடுதடை பத்து மடங்கு ஏறி, பட்டையே சூடாகும்.

மூன்றையும் 500 டிகிரியில் ஆக்சிஜன் ஓட்டத்தில் வைத்து, 450-க்கு இறக்கி 24 மணி நேரம் நிறுத்தி, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஆறவிடுங்கள். வெளியேறும் வாயுவைத் தண்ணீர்க் குமிழியில் விட்டு நொடிக்கு ஒரு குமிழி வரும்படி வையுங்கள். தண்ணீர் பின்வாங்கி உலைக்குள் போகாதிருக்க நடுவே ஒரு காலிக் குடுவை வேண்டும். சிலிண்டர் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது, தீப்பற்றும். நடுவில் மின்சாரம் போனால் பதற வேண்டியதில்லை. ஆக்சிஜன் ஏறுவதும் இறங்குவதும் மீளக்கூடியது; கரண்ட் வந்ததும் 500-இலிருந்து மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்.

முதல் பட்டை இப்போது ஆக்சிஜன் 6.95 பக்கம் வந்திருக்கும். மற்ற இரண்டிலும் ஆக்சிஜனைக் குறைக்க வேண்டும். காற்றில், ஒன்றை 480 டிகிரியிலும் மற்றொன்றை 560 டிகிரியிலும் 24 மணி நேரம் வைத்து, வெளியே எடுத்ததும் இரண்டு கனமான செப்புத் தகடுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்துச் சட்டென்று குளிர்வித்து, ஆக்சிஜனை அந்த அளவிலேயே உறையச் செய்யுங்கள். வெப்பநிலை ஏற ஏற ஆக்சிஜன் குறையும். நேராகத் திரவ நைட்ரஜனில் போட்டால் பட்டை விரிசல் விடும். அதோடு சுற்றி எழும் ஆவிப் படலத்தால் குளிர்வதும் அவ்வளவு வேகமாக இருக்காது.

எவ்வளவு குறைந்தது? ஒரு கிராம் பட்டையில் ஆக்சிஜன் 0.1 குறைந்தால் எடை 2.4 மில்லிகிராம் குறையும். நம் பட்டையோ 0.2 கிராமுக்குக் கீழே. அதில் வித்தியாசம் அரை மில்லிகிராம்கூட வராது. அதனால் மீதி வில்லைத் துண்டு ஒன்றையும் பட்டையோடு சேர்த்தே உலையில் வைத்து, அதை நிறுங்கள். வேதியியல் துறையினர் அயோடின் தரம்பார்த்தல் செய்து தந்தால் இன்னும் உறுதி.

படி 3: குளிர்

கால்நடை மருந்தகங்களுக்குச் சினை ஊசியின் உறைவிந்துக்காகத் திரவ நைட்ரஜன் வழக்கமாக வந்துகொண்டிருக்கிறது. மாவட்டத்தில் அதைக் கையாளத் தெரிந்தவர்கள் அங்கேதான் அதிகம். துறை மூலமாகக் கடிதம் கொடுத்துக் கேட்டால் எங்கே நிரப்புவது என்றாவது தெரியும். ஓர் ஓட்டத்துக்கு இரண்டு, மூன்று லிட்டர் போதும். கண்ணாடி ஏற்றிய காரில் கொண்டுவராதீர்கள். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும்; மூச்சு முட்டுவது தெரியாமலே மயக்கம் வரும். மூடியை இறுக்கவும் கூடாது.

திறந்த பாத்திரத்தில் வெகுநேரம் நின்ற நைட்ரஜனில் காற்றின் ஆக்சிஜன் கரைந்து, தொட்டியின் வெப்பநிலை 77-இலிருந்து மெல்ல ஏறும். பிடி-100-ஐ முக்கிப் பாருங்கள்: 20.3 ஓம் பக்கம் காட்டினால் புது நைட்ரஜன்.

படி 4: அளவீடு

ரிசல்ட் கெடுவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். எனவே எண்களோடு பார்ப்போம்.

நல்ல பல்படிகப் பட்டையின் மின்தடை எண் அறை வெப்பநிலையில் ஒரு மில்லி ஓம்-சென்டிமீட்டர் அளவில் இருக்கும். மின்னழுத்த முனைகளுக்கு இடையே 4 மில்லிமீட்டர் என்றால் மின்தடை 13 மில்லி ஓம். 10 மில்லி ஆம்பியர் விட்டால் 130 மைக்ரோவோல்ட். நாம் தேடும் விலகல் இதில் ஒரு சதவீதம், அதாவது ஒரு மைக்ரோவோல்ட். சாதாரண மூன்றரை இலக்க மீட்டருக்கு இது கண்ணிலேயே படாது. ஆறரை இலக்க மீட்டர் 100 மில்லிவோல்ட் வீச்சில் 0.1 மைக்ரோவோல்ட் வரை படிக்கும். பட்டையைத் தேய்த்து ஒரு மில்லிமீட்டர் தடிமனாக்கினால் சைகை இன்னும் ஏறும்.

அடுத்த எதிரி வெப்ப மின்னழுத்தம். 77 கெல்வினிலிருந்து 38 டிகிரி அறைக்கு வரும் கம்பியில் சில மைக்ரோவோல்ட் தானாகவே முளைக்கும். நாம் தேடும் சைகையைவிட அது பெரியது. ஒவ்வொரு புள்ளியிலும் மின்னோட்டத்தை நேராகவும் எதிராகவும் விட்டு, இரண்டின் வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்யாத வரைபடத்தில் டி-ஸ்டார் பற்றிப் பேசவே கூடாது. வெப்பமின் இரட்டை வேண்டாம். குளிர்ச்சந்தி வைக்க நிலையான அறை வெப்பநிலை வேண்டும், சித்திரை மாதத்தில் அது நடக்காது. பிடி-100-ஐ நான்கு கம்பியோடு, ஒரு மில்லி ஆம்பியரில் படியுங்கள். மைனஸ் 180 டிகிரியில் அது 27.10 ஓம் காட்ட வேண்டும்.

3 × 3 × 1 சென்டிமீட்டர் செப்புக் கட்டையின் மேல் சிகரெட் தாள் ஒன்று, கொஞ்சம் வாக்யூம் கிரீஸ், அதன்மேல் பட்டை, ஒட்டினாற்போல் பிடி-100. எல்லாவற்றையும் மூடிய உலோகக் குழாய்க்குள் வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். குழாயை நைட்ரஜன் ஆவியில் மெதுவாக இறக்கி, 77-இல் அரை மணி நேரம் நிறுத்தி, பிறகு தானாகச் சூடேற விட்டு அளங்கள். நிமிடத்துக்கு ஒரு கெல்வினுக்கு மேல் போகக் கூடாது. குளிரும்போதும் சூடேறும்போதும் எடுத்த சரிவுகள் ஒன்றுக்கொன்று ஒரு கெல்வினுக்கு மேல் விலகினால் வேகம் அதிகம் என்று பொருள். ஓட்டம் முடிந்ததும் குழாய் அறை வெப்பநிலைக்கு முழுதாக வரும்வரை திறக்காதீர்கள். சாரல் காலத்தில் திறந்த நொடியில் பட்டை வேர்த்துவிடும்.

நம் ஊர் வெயிலில் ஓர் ஆதாயமும் உண்டு. புத்தகங்களில் 300 கெல்வினோடு நிற்கும் கோடு, மே மாதப் பகலில் ஹீட்டர் இல்லாமலே 311 வரை வரும்.

படி 5: கோட்டைப் படிப்பது

ஆக்சிஜன் நிரம்பிய பட்டையில் 130 கெல்வினுக்கு மேல் நேர்கோடு வர வேண்டும். 300-க்கும் 100-க்கும் உள்ள மின்தடை விகிதம் 2.5-க்கு மேல் இருந்தால் நல்ல பட்டை. விகிதம் 1.5 என்றால் துகள் எல்லைதான் பேசுகிறது, தளம் பேசவில்லை.

நேர்கோடு என்பதற்காக உடனே 'விசித்திர உலோகம்' (வழக்கமான உலோகக் கொள்கைக்கு அடங்காதது) என்று எழுதிவிடாதீர்கள். செம்புக் கம்பிகூட இந்த வீச்சில் ஏறக்குறைய நேர்கோடுதான். அங்கே காரணம் அணிக்கோவை அதிர்வு, அதாவது படிகத்து அணுக்களின் அதிர்வு. கியூப்ரேட்டின் விசித்திரம் வேறு இடத்தில் இருக்கிறது. லாந்தனம் ஸ்ட்ரான்சியம் கியூப்ரேட்டில் அதே கோடு ஆயிரம் கெல்வின் பக்கம் வரை வளையாமல் ஏறுகிறது. அங்கே கணக்குப் போட்டால், எலக்ட்ரான் ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையே போகும் தூரம் அணு இடைவெளியைவிடக் குறைவாக வருகிறது. மோதி மோதிப் போகும் தனி எலக்ட்ரான் என்ற படமே அங்கே பொருளிழக்கிறது. மறுபுறம், மாறுநிலை வெப்பநிலை பத்துக் கெல்வினுக்கும் கீழே இருக்கும் ஒரு பிஸ்மத் கியூப்ரேட்டில், அதிர்வுகள் அடங்கிப்போன குளிரிலும் கோடு நேராகவே இறங்குகிறது. உங்கள் அளவீடு இந்த இரு எல்லைகளையும் தொடாது. அறிக்கையில் அதைச் சொல்லிவிடுங்கள்.

இப்போது ஆக்சிஜன் குறைந்த பட்டைகள். 240-க்கு மேலுள்ள புள்ளிகளுக்கு நேர்கோடு பொருத்தி, அளந்த மதிப்பை அந்தக் கோட்டால் வகுத்து வரையுங்கள். ஒன்றிலிருந்து ஒரு சதவீதம் கீழே இறங்கும் இடம் டி-ஸ்டாருக்கான உங்கள் மதிப்பீடு. கோடு மேலே போகாமல் கீழே இறங்குவது ஏன்? பிணைப்புத் திசை எலக்ட்ரான்கள் இடைவெளிக்குள் போனதும், மூலைவிட்டத் திசையில் மிஞ்சியவை மோத ஆள் குறைகிறது. கடத்துபவை குறைந்தும் மின்தடை குறைகிறது. தளத்துக்குச் செங்குத்தான திசையில் நடப்பது நேர் எதிர்: தளம் விட்டுத் தளம் தாவுவது பெரும்பாலும் அந்தப் பிணைப்புத் திசை எலக்ட்ரான்களால்தான், எனவே அங்கே மின்தடை ஏறும். பல்படிகப் பட்டையில் இரண்டும் கலந்தே வரும்.

ஏமாற்றும் இடங்கள் மூன்று.

மாறுநிலை வெப்பநிலைக்கு மேலே பத்து, இருபது கெல்வினுக்குள் வரும் வளைவு போலி இடைவெளி அல்ல. அது தோன்றி மறையும் மீகடத்து ஜோடிகளின் வேலை. உச்ச ஆக்சிஜன் பட்டையில் இதையும் டி-ஸ்டாரையும் பல்படிகத்தில் பிரிக்க முடியாது, முயலவே வேண்டாம்.

மிகக் குறைந்த ஆக்சிஜனில் டி-ஸ்டார் 300-ஐத் தாண்டிவிடும். பொருத்துவதற்கு நேர்கோடே இருக்காது. ஆனால் மென்பொருள் ஏதாவது ஓர் எண்ணைத் தந்துவிடும். பொருத்தும் வீச்சை 20 கெல்வின் நகர்த்திப் பாருங்கள். டி-ஸ்டாரும் கூடவே நகர்ந்தால் அந்த எண்ணைத் தூக்கிப் போடுங்கள். பட்டையைச் சூடாக்கி வீச்சை நீட்டலாமே என்றால், 350 கெல்வினுக்கு மேல் வேண்டாம். சங்கிலி ஆக்சிஜன் அறை வெப்பநிலையிலேயே மெல்ல நகர்ந்து ஒழுங்குபடும். உறைய வைத்த பட்டையின் மாறுநிலை வெப்பநிலை, அலமாரியில் சும்மா இருக்கும்போதே நாள்போக்கில் சில கெல்வின் ஏறுவது இதனால்தான். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக ஏறும். இரண்டு பட்டைகளையும் உறையவைத்து ஒரே அளவு நாள் கழித்து அளங்கள், அல்லது இரண்டையும் ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுங்கள்.

குளிரக் குளிர மின்தடை மேலே ஏறினால் துகள் எல்லையா, செங்குத்துத் திசையா? மின்னோட்டத்தை 1, 10, 30 மில்லி ஆம்பியர் என்று மாற்றிப் பாருங்கள். மதிப்பு மாறினால் எல்லை, அல்லது தொடுமுனைச் சூடு.

படி 6: துளை எண்ணிக்கை

டி-ஸ்டாரை எதற்கு எதிராக வரைவது? ஆக்சிஜன் அளவு தளத்துத் துளை எண்ணிக்கை ஆகாது. சங்கிலி கொஞ்சம் வைத்துக்கொள்கிறது. மாறுநிலை வெப்பநிலையை உச்சத்தோடு ஒப்பிட்டு, விகிதம் = 1 − 82.6 × (துளை − 0.16)-இன் இருமடி என்ற பரவளையத்தில் துளையைக் கணக்கிடுவது வழக்கம். ஒய்பிசிஓவில் 60 கெல்வின் பக்கம், ஆக்சிஜன் மாறினாலும் மாறுநிலை வெப்பநிலை அதிகம் அசையாத ஒரு சமதளம் இருப்பதால் அங்கே இந்தச் சூத்திரம் காலை வாரும்.

அந்த இடத்தில் கைகொடுப்பது சீபெக் குணகம், அதாவது பட்டையின் இரு முனைகளுக்கும் ஒரு கெல்வின் வித்தியாசம் இருந்தால் எழும் மின்னழுத்தம். 290 கெல்வினில் அதன் மதிப்பு பல கியூப்ரேட்டுகளிலும் துளை எண்ணிக்கையை ஒட்டியே மாறுகிறது: துளை 0.16 என்றால் கெல்வினுக்குச் சுமார் 2 மைக்ரோவோல்ட், 0.12 என்றால் 10, 0.10 என்றால் 22. 290 கெல்வின் என்பது 17 டிகிரி. நெல்லையில் மார்கழி விடியற்காலையிலும் வராத குளிர். பட்டையின் இரு முனைகளையும் இரண்டு செப்புத் துண்டுகளில் ஒட்டி, பனிக்கட்டித் தண்ணீரால் ஒன்றை 14 டிகிரியிலும் மற்றொன்றை 20 டிகிரியிலும் வைத்தால் சராசரி சரியாக வரும். செப்புக் கம்பியால் அளந்தால், கிடைத்த மதிப்போடு செம்பின் சொந்தப் பங்கான 1.8 மைக்ரோவோல்ட்டைக் கூட்டுங்கள். ஆக்சிஜன் நிரம்பிய பட்டையில் எதிர்க்குறி வந்தால் முதலில் கம்பி இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் சங்கிலிகளும் கடத்தத் தொடங்கிவிட்டன; அந்தப் பட்டைக்கு மட்டும் சீபெக்கை விட்டுவிட்டு, மாறுநிலை வெப்பநிலையை நம்புங்கள்.